இயல் 4: நாட்காட்டி வசனத்திலிருந்து வேதப் பகுதிக்கு

கிறிஸ்தவ வழக்கில் ‘அனுதின தியானம்’ என்பது, நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் வேதாகமத்தின் ஒரு பகுதியை வாசித்து, அதன் பொருளை மனத்தில் ஊறவிட்டு, அதையொட்டி ஜெபித்து, அன்றைய வேலையை அந்த வாசிப்பின் வெளிச்சத்தில் தொடங்கும் பழக்கத்தைக் குறிக்கும். விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களை இந்தப் பழக்கம் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் எட்டுகிறது: சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அச்சிட்ட ஒரு வசனம், புத்தாண்டு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை, நாளுக்கு ஒரு பக்கம் என்று அமைந்த சிறு தியான நூல். இம்மூன்றும் எளிமையானவை, விலை குறைந்தவை, நேரம் அதிகம் கேட்காதவை. ஆயினும் இவை தரும் ஊக்கம் ஒரு நாளோடு தீர்ந்துவிடாமல், உழைப்பிலும் இழப்பிலும் நிலைத்துநிற்க வேண்டுமானால், வாசகர் தனி வசனத்தோடு நின்றுவிடாமல் அந்த வசனம் எழுதப்பட்ட பகுதிக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கான வழிமுறையை இவ்வியல் படிப்படியாக விளக்குகிறது.

4.1 வசனம் வீட்டுக்கு வந்த வழி

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பின்னர், சிவகாசியில் முதலில் தீப்பெட்டியும், பிறகு பட்டாசும், இரண்டுக்கும் தேவையான லேபிள்களுக்காக அச்சுத் தொழிலும் வளர்ந்தன. லேபிள் அச்சிடத் தொடங்கிய ஊர், காலப்போக்கில் தமிழகம் முழுவதற்கும் நாட்காட்டி அச்சிட்டுத் தரும் ஊராக மாறியது. அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகளை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிட்டு, அன்றிலிருந்து ஆர்டர் எடுப்பது அங்கே வழக்கமாக இருக்கிறது. தினமும் ஒரு தாளாகக் கிழிக்கும் பொது நாட்காட்டியில், பெரிய எழுத்தில் தேதி, அதன் மேலே தமிழ் மாதம், கீழே நட்சத்திரம், இராகுகாலம், எமகண்டம், ஓரத்தில் அன்றைய ராசிபலன் என்ற வரிசை காணப்படும். கிறிஸ்தவ நாட்காட்டியில் அதே இடங்களில் வேத வசனமும் திருநாள்களும் வருகின்றன. கத்தோலிக்க நாட்காட்டிகளில் அன்றைய திருப்பலி வாசகங்களும் புனிதரின் பெயரும் சேர்க்கப்படுகின்றன.

நாளுக்கு ஒரு வசனம் என்ற ஒழுங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி சீகன்பால்கு முதலியோரை உருவாக்கிய ஜெர்மானியப் பக்தி இயக்கத்தின் மையமாக ஹாலே நகரம் விளங்கியது. அங்கே பள்ளிக் கல்வி பெற்ற சின்சென்டார்ஃப் பிரபு, பின்னாளில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சபையை நடத்தியபோது, 1728 மே 3ஆம் நாள் மாலைக் கூட்டத்தில் மறுநாளைக்கென ஒரு வசனத்தை அறிவித்தார். அந்த வசனம் வீடு வீடாகச் சொல்லப்பட்டு, ஊர் முழுவதும் அன்று அதையே சிந்தித்தது. 1731 முதல் ஆண்டு முழுவதற்குமான வசனங்கள் நூலாக அச்சிடப்பட்டு, இன்றுவரை பல மொழிகளில் வெளிவருகின்றன. இந்த ஒழுங்கில் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டாலும், அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஆய்ந்து தேர்ந்து சேர்க்கப்படுகிறது. வேதத்தை வேதத்தோடு ஒப்பிட்டு, சபையாகச் சேர்ந்து வாசிக்கத் தூண்டுவதே அந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பது இதிலிருந்து விளங்கும்.

4.2 தனி வசனத்தின் வலிமையும் வரம்பும்

ஒரு வரியை மனப்பாடமாக எடுத்துச் செல்ல முடிவதே தனி வசனத்தின் வலிமை. பட்டாசு ஆலையின் வேலை அறைக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. காகிதக் குழாயில் திரி வைப்பவர்களுக்கும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குபவர்களுக்கும் கை ஓய்ந்தால் கூலி குறையும். அத்தகைய வேலைப் பொழுதில் நெஞ்சில் நிற்கும் ஒரு வரி, முழு அதிகாரத்தையும் வாசிக்க வாய்ப்பில்லாதவருக்கு உண்மையான துணையாகிறது.

வரம்பும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. தான் நின்ற பகுதியிலிருந்து பிரிந்து வந்த வசனம், வாசிப்பவரின் அப்போதைய ஆசையையோ அச்சத்தையோ தன் பொருளாக ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு ஆளாகிறது. பொது நாட்காட்டியில் ராசிபலன் பார்க்கும் மனநிலையோடு கிறிஸ்தவ நாட்காட்டியின் வசனத்தைப் பார்ப்பவர், இன்று நல்ல வசனம் வந்தது என்று மகிழவும், கடிந்துரைக்கும் வசனம் வந்தால் கலங்கவும் நேரிடும். வாக்குத்தத்தம் என்பது கடவுள் தம் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து பிறக்கும் உறுதிமொழி. சீட்டில் விழும் பலன் அதற்கு நேர் எதிரானது.

சங்கீதம் 91 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 16 வசனங்கள் கொண்ட இப்பாடல், ஆபத்துக்களின் நடுவே கடவுளே அடைக்கலம் என்று அறிக்கையிடுவதால், வெடிவிபத்தின் நிழலில் வாழும் குடும்பங்கள் அதனை மிகவும் நேசிப்பதில் வியப்பில்லை. ஆனால் மத்தேயு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில், தேவாலயத்தின் உச்சியிலிருந்து கீழே குதிக்கும்படி இயேசுவைத் தூண்டும் சோதனைக்காரன் மேற்கோள் காட்டுவதும் இதே சங்கீதத்தின் 11, 12 வசனங்களைத்தான். கடவுளைச் சோதித்துப் பார்க்கலாகாது என்ற உபாகமம் 6:16இன் கட்டளையை எடுத்துக்காட்டி இயேசு அதை மறுக்கிறார். பாதுகாப்பைப் பற்றிய வசனத்தை அலட்சியத்துக்கு அனுமதியாகப் பயன்படுத்துவது, வசனத்தின் சொற்களைக் காத்துக்கொண்டே அதன் பொருளை அழிப்பதாகும் என்பதை இந்தப் பகுதி கற்பிக்கிறது.

ஆகவே சங்கீதம் 91ஐ வாசிக்கும் தொழிலாளர், அதனோடு உபாகமம் 22:8ஐயும் சேர்த்து வாசிப்பது நல்லது. புதிதாக வீடு கட்டுபவர் மாடியிலிருந்து யாரும் விழுந்து சாகாதபடி கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எழுப்பாவிட்டால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்றும் அந்தச் சட்டம் எச்சரிக்கிறது. அறை ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையை மீறாமலிருத்தல், உராய்வு உண்டாக்காத கருவிகளையே பயன்படுத்துதல், மருந்துக் கலவையைச் சிறு அளவில் கையாளுதல், கழிவு மருந்தைத் தேங்கவிடாமை ஆகியவை இந்தச் சட்டத்தின் வழியில் பார்த்தால் விசுவாசத்தின் செயல்களே. விதியை மீறச் சொல்லும் மேற்பார்வையாளரிடம் மறுத்துப் பேசும் தைரியத்தையும் சங்கீதம் 91 தர வேண்டும்; அப்போதுதான் அது சரியாக வாசிக்கப்பட்டதாகும்.

4.3 நான்கு படிகளில் ஒரு வசனம்

முதற்படி, இடம் காணுதல். நாட்காட்டித் தாளில் வசனத்தின் கீழே அச்சிட்டிருக்கும் நூற்பெயரையும் எண்ணையும் பார்த்து, வேதாகமத்தைத் திறந்து, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது பத்து வசனங்களை வாசிக்க வேண்டும். இரண்டாம் படி, யார் யாருக்கு எந்த நிலையில் சொன்னது என்று கேட்டல். மூன்றாம் படி, அந்தப் பகுதி கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது, மனிதரிடம் என்ன கேட்கிறது என்ற இரண்டையும் பிரித்தறிதல். நான்காம் படி, அன்று செய்யக்கூடிய ஒரு செயலைத் தேர்ந்து, அதற்காகச் சுருக்கமாக ஜெபித்தல்.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி காணப்படும் எரேமியா 29:11ஐக் கொண்டு இம்முறையைச் செய்து பார்க்கலாம். கடவுள் தம் மக்களைக் குறித்துக் கொண்டிருக்கும் எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை, எதிர்காலத்தைத் தருபவை என்பது இவ்வசனத்தின் கருத்து. இடம் காணும்போது, இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் ஒரு பகுதி என்று தெரியவரும். நிலையைக் கேட்கும்போது, பெறுபவர்கள் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்பதும், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி பொய்யாக நம்பிக்கையூட்டியது முந்திய அதிகாரத்தில் பதிவாகியிருப்பதும் விளங்கும். எரேமியாவோ 10ஆம் வசனத்தில் 70 ஆண்டுகள் என்று கணக்குச் சொல்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், குடியிருக்கும் அந்த அந்நிய நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்று 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் பணிக்கின்றன.

இவ்வளவும் தெரிந்த பின் 11ஆம் வசனம் சிறுத்துப்போவதில்லை, ஆழம் பெறுகிறது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்துக் கட்டுப்பாடுகள் விதித்த பிறகு, சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அத்தகைய காலத்தில், அடுத்த வாரமே திறந்துவிடும் என்ற ஆறுதல் அனனியாவின் ஆறுதலாகத்தான் இருக்கும். காத்திருப்பு நீளலாம் என்பதை ஒப்புக்கொண்டு, கிடைக்கும் மாற்றுவேலையைச் செய்து, பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாமல், தெருவில் தன்னைவிட நலிந்த வீட்டை விசாரித்து வாழச் சொல்வதே எரேமியாவின் ஆறுதல். முன்னது அட்டையின் அளவில் நின்றுவிடும். பின்னது அந்த மாதங்களைத் தாங்கும்.

4.4 வேலை நாளுக்கேற்ற ஒழுங்கு

அதிகாலை ஒரு மணி நேரம் தனித்திருந்து தியானிக்கும்படி பல நூல்கள் கூறும் அறிவுரை, விடியுமுன் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஆலை வேனுக்கு ஓடும் பெண்ணுக்குக் குற்றவுணர்வை மட்டுமே தரும். அவருக்கு ஏற்றது பகுத்த வாசிப்பு. முந்திய இரவே மறுநாளின் பகுதியைக் குடும்பத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுவைத்துக்கொள்ளலாம். காலையில் தாளைக் கிழிக்கும்போது ஒரு வரியை மட்டும் நினைவில் ஏற்றிக்கொண்டு, வேன் பயணத்தில் அதை ஜெபமாக மாற்றலாம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்குக் காதே வாயில். பள்ளிப்பிள்ளை உரக்க வாசிப்பதும், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் காலத்திலிருந்து சபைகளில் பாடிவரும் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதும் அவர்களுக்கு முழுமையான தியானமே. கேட்டதைத் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லும்படி அவர்களிடம் கேட்பது, வாசித்த பிள்ளைக்கும் பொருளைத் தெளிவாக்கும்.

ஆண்டின் போக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை நெருக்கும். அப்போது சிறு பகுதிகள் போதும். தீபாவளிக்குப் பின் ஆலைகள் விடுமுறை விடும் வாரங்கள், மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரங்களையோ, சிறையிலிருந்து பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் 4 அதிகாரங்களையோ தொடர்ச்சியாக வாசித்து முடிக்க ஏற்றவை.

ஊக்கம் தரும் வாசிப்பு தொழிலாளருக்கு மட்டும் உரியதன்று. ஆலை உரிமையாளராகவோ ஒப்பந்தக்காரராகவோ இருக்கும் கிறிஸ்தவர், ஆசீர்வாத வசனங்களோடு உபாகமம் 24:14, 15ஐயும் யாக்கோபு 5:4ஐயும் தம் வாசிப்பில் சேர்க்கக் கடமைப்பட்டவர். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டும் என்கிறது முன்னது. பிடித்துவைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறது பின்னது. சம்பள நாளன்று இப்பகுதிகளை வாசிப்பது பொருத்தமாகும்.

4.5 துக்க காலத்தில் வாசித்தல்

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் 20க்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். இத்தகைய இழப்பு நேர்ந்த வீட்டில், எல்லாம் நன்மைக்கே என்ற பொருள்பட ஒரு வசனத்தை உடனே சொல்வது ஆறுதலாகாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததே அவர்கள் செய்த நல்ல காரியம் என்பதை யோபு 2:13 உணர்த்துகிறது. முதல் நாள்களில் உடனிருப்பதும், சோறு கொண்டுவருவதும், மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் இழப்பீட்டு அலுவலகத்துக்கும் துணைபோவதும் வாசிப்புக்கு முந்தியவை.

வாசிக்கும் காலம் வரும்போது புலம்பல் நூல் உதவும். எருசலேமின் அழிவைப் பாடும் இந்நூலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. நடுவிலுள்ள 3ஆம் அதிகாரம் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள் கொண்டது. காலைதோறும் புதிதாகும் கிருபையைப் பற்றி நாட்காட்டிகளில் வரும் 22, 23 வசனங்கள் இவ்வதிகாரத்தில்தான் உள்ளன. அவற்றுக்கு முன்னே, கடவுளே தன்னை இருளுக்குள் நடத்தினார் என்றும் தன் ஜெபத்துக்கு வழியை அடைத்தார் என்றும் முறையிடும் 20க்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. பின்னேயும் அழுகை தொடர்கிறது. நம்பிக்கையின் வரி அழுகையின் நடுவிலேயே எழுகிறது என்று காணும் விதவைக்கோ பெற்றோருக்கோ, தம் அழுகை அவிசுவாசம் ஆகாது என்ற விடுதலை கிடைக்கிறது. ஆகவே 22ஆம் வசனத்தை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுப்பதைவிட, அவரோடு அமர்ந்து அதிகாரம் முழுவதையும் மெதுவாக வாசிப்பதே மேலானது.

4.6 துணைநூல்களைத் தேர்ந்தெடுத்தல்

தியான நூல் வேதாகமத்துக்கு வழிகாட்ட வேண்டுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது. வாசித்து முடித்ததும் வேதாகமத்தைத் திறக்கத் தோன்றுகிறதா, துன்பத்தை நேர்மையாகப் பேசுகிறதா, காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்பது போன்ற பேரத்தைத் தவிர்க்கிறதா, அயலாரை நினைவூட்டுகிறதா என்ற நான்கு கேள்விகளால் எந்த நூலையும் சோதிக்கலாம். வேதாகமத்திலேயே 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வரும் பரிசுத்த வேதாகமத்தையும், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் அருகருகே வைத்து வாசித்தால், ஒன்றில் புரியாத தொடர் மற்றொன்றில் தெளியும். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள் என்றும், உபாகமம் இணைச்சட்டம் என்றும் வழங்குவதை அறிந்திருப்பது போதும்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், விசுவாச வாழ்வை நெடும்பயணமாகக் காட்டும் காப்பியம்; சாமுவேல் பவுல் தமிழில் தந்த மோட்சப் பிரயாணம் அதே கதையை எளிய உரைநடையில் சொல்கிறது. டோனாவூரில் ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்காக இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபர் 24ஆம் நாள் ஒரு குழியில் விழுந்து காயமுற்று, 1951 ஜனவரி 18ஆம் நாள் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதிய ஆறுதல் தம்மை எட்டவில்லை என்று உணர்ந்த அவர், நோயாளியிடமிருந்து நோயாளிக்கு என்ற முறையில் எழுதிய ரோஸ் ஃப்ரம் பிரையர் 1933இல் வெளிவந்தது. தீக்காயத்தோடு மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவருக்கு உதவ விரும்புகிறவர், யார் எழுதியது என்பதை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்நூல் நல்ல விளக்கம்.

வாழ்க்கை வரலாறும் தியான வாசிப்பே. கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றுத் தேர்ந்த மிஷனரி தாமஸ் ராக்லண்ட், அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாக இருந்த இந்தச் சிவகாசி வட்டாரத்தில், 1854 முதல் டேவிட் ஃபென், இராபர்ட் மெடோஸ் ஆகியோரோடு கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்றார். தென்பகுதிச் சபைகள் தங்கள் செலவில் அனுப்பிய உபதேசியார்களும் அப்பணியில் தோள் கொடுத்தனர். நுரையீரல் நோயோடு உழைத்த அவர் 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் இறந்தபோது, கண்ணுக்குத் தெரிந்த பலன் மிகக் குறைவு. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றிய யோவான் 12:24ஐ அவர் தம் பணியின் விதியாகக் கொண்டிருந்தார். ஏமி கார்மைக்கேல் அவர் வரலாற்றை 1922இல் நூலாக எழுதினார். உடனடிப் பலனை வாக்குத்தத்தத்தின் அளவுகோலாகக் கொள்ளும் வாசகருக்கு, சிவகாசியிலேயே முடிந்த இந்த வாழ்வு ஒரு திருத்தம்.

4.7 ஒரு வாரப் பயிற்சி

இவ்வியலில் கூறிய முறையைப் பழகத் தொடங்கும் குடும்பம், ஒரு வாரத்துக்குப் பின்வரும் பகுதிகளை நான்கு படிகளில் வாசிக்கலாம்.

ஞாயிறு: சங்கீதம் 91, மத்தேயு 4:1–11. அடைக்கலமும் அலட்சியமும் பிரியும் இடத்தைக் காணுதல்.

திங்கள்: உபாகமம் 22:8. வேலையிடத்தில் சரிசெய்ய வேண்டிய ஓர் ஆபத்தைக் குறித்து, உரியவரிடம் சொல்லுதல்.

செவ்வாய்: எரேமியா 29:1–14. நீளும் காத்திருப்பு ஒன்றைப் பெயர் சொல்லி ஜெபித்தல்.

புதன்: ஆபகூக் 3:17–19. விளைச்சலும் மந்தையும் இல்லாத காலத்திலும் எழும் மகிழ்ச்சியைக் கவனித்தல்.

வியாழன்: புலம்பல் 3:1–33. துக்கத்திலிருக்கும் ஒரு வீட்டுக்குச் செல்லுதல்.

வெள்ளி: பிலிப்பியர் 4:10–20. தாழ்விலும் நிறைவிலும் வாழப் பவுல் கற்றுக்கொண்டார் என்பதையும், பிலிப்பி சபையார் அவருக்கு அனுப்பிய உதவியையும் சேர்த்துப் பார்த்தல்.

சனி: யாக்கோபு 5:1–11. கூலி கொடுப்பவர் தம் கணக்கையும், வாங்குபவர் தம் பொறுமையையும் கடவுள் முன் வைத்தல்.

வார முடிவில், எந்த வசனம் பிடித்திருந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதனால் யாருக்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் குடும்பமாகப் பேச வேண்டும். இரண்டாம் கேள்விக்கு ஒரு பெயராவது விடையாகக் கிடைக்குமானால் பயிற்சி பலித்தது என்று கொண்டு, அடுத்த வாரத்தின் பகுதிகளைக் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம்.